முன்பே படித்து வைத்தவர்கள்

1941 செப்டம்பரில் லித்துவேனியாவின் வில்னா நகரத்து யூதர்களை ஜெர்மானிய ஆக்கிரமிப்பு அதிகாரிகள் பழைய நகரின் சில தெருக்களுக்குள் அடைத்தார்கள். அடைபட்ட தெருக்களில் ஒன்று ஸ்ட்ராஷுன் தெரு. அதன் ஆறாம் எண் கட்டடத்தில் போருக்கு முன்பிருந்தே ஒரு பொது நூலகம் இயங்கிவந்தது. வார்சாவில் நூலகராக இருந்து, போரின் தொடக்கத்தில் அகதியாக வில்னாவுக்கு வந்த ஹெர்மன் க்ரூக் அந்த நூலகத்தைப் பொறுப்பேற்று, எஞ்சியிருந்ததை அடுக்கி, அந்த மாதமே திறந்துவிட்டார். அக்டோபர் 1 யோம் கிப்பூர். யூதர்களுக்கு ஆண்டின் மிகப் புனிதமான நோன்பு நாள். அன்று ஒரே நாளில் ஏறத்தாழ மூவாயிரம் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நகரத்துக்கு வெளியே போனாரிக் காட்டில் குழிகள் தயாராக இருந்தன. மறுநாளும் நூலகத்துக்கு ஆட்கள் வந்தார்கள். அன்றைக்கு மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் கைமாறின. வந்தவர்களில், உறவிலோ அண்டைவீட்டிலோ ஒருவரையும் பறிகொடுக்காதவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த நூலகம் தன் ஒரு லட்சமாவது இரவலை விழா எடுத்துக் கொண்டாடியது. அந்த விழாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் போர் முடிவதைப் பார்க்கவில்லை.

துன்ப காலத்தில் புத்தகம் துணை என்று நாம் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நூலக வார விழா மேடையில் சொல்கிறோம், பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைக்கிறோம். வில்னாவின் அந்த அக்டோபர் நாளை எதிரில் வைத்துக்கொண்டு அதையே திரும்பச் சொல்ல முயன்றால் நாக்கு எழாது. பசியை, குளிரை, அடுத்த வாரம் யார் பெயர் பட்டியலில் வரும் என்ற பயத்தை எந்தப் புத்தகமும் மாற்றப்போவதில்லை. அது அன்று நூலக வரிசையில் நின்றவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் வந்தார்கள். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால், மருத்துவமனைப் படுக்கையருகே உட்கார்ந்திருப்பவர், வேலை பறிபோனவர், துணையை இழந்தவர் என்று நம்மிடையே வாழும் சாதாரண மனிதர்கள் ஏன் புத்தகத்தைத் தேடிப் போகிறார்கள் என்பதற்கும் பதில் கிடைத்துவிடும். அவர்களுடைய துன்பங்களை வில்னாவோடு சமமாக வைக்கவில்லை. கடைசி எல்லையில் ஒன்று நிலைக்குமானால் அதற்கு இப்பால் நிச்சயமாக நிலைக்கும் என்பதால்தான் அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முதல் ஆட்சேபத்தை எழுப்பியவர் க்ரூக்தான். ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகு 1942 அக்டோபரில் அவர் தன் நூலகத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். புத்தகத்தின் மகிமையைப் பாடும் அறிக்கையாக அது இல்லை. எடுத்துப் போகப்பட்டவற்றில் பெரும்பகுதி நாவல்கள். அவற்றிலும் கண்ணீர்க் கதைகளும் துப்பறியும் கதைகளும் அதிகம். அடைபட்டவனுக்கு வாசிப்பு ஒரு போதைப்பொருள், நினைக்கப் பிடிக்காததை நினைக்காமலிருக்க ஒரு வழி என்ற பொருள்பட அவர் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். வாழ்நாளெல்லாம் தொழிலாளர்களிடம் நல்ல நூல்களைக் கொண்டுசேர்க்கப் பாடுபட்ட ஒரு சோஷலிச நூலகருக்கு இதை ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்திருக்காது. இந்தச் சாட்சியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வாசிப்பின் ஆறுதலைப் பேசுவது நேர்மையாகாது. போதையாகப் படிப்பதும் ஒரு வகை ஆறுதல்தான். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராதவருக்கு ஒரு துப்பறியும் நாவல் விடியும்வரை துணையிருந்தால் அதை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. வலி மாத்திரை நோயைத் தீர்க்காது என்பதற்காக அதைத் தூற்றுபவர் உண்டா? ஆனால் அந்தத் துணையைச் சீட்டுக்கட்டும் தரும், மதுவும் தரும், இன்று கைபேசியும் தரும். வாசிப்புக்கென்று தனியாக ஏதாவது உண்டா என்பதே இங்கே கேள்வி.

அதற்கான தடயம் க்ரூக்கின் அதே அறிக்கையில் இருக்கிறது. எண்ணிக்கையில் குறைந்த இன்னொரு வகை வாசகர்களையும் அவர் கவனித்தார். அவர்கள் தங்கள் நிலைமையை மறக்கவைக்கும் புத்தகங்களைக் கேட்கவில்லை. தங்கள் நிலைமையைப் போன்ற நிலைமைகளைப் பேசும் புத்தகங்களைக் கேட்டார்கள். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ தேடப்பட்டது. 1915இல் துருக்கியப் படையிடமிருந்து தப்பி மலையேறி முற்றுகைக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த ஆர்மீனியர்களைப் பற்றி ஃப்ரான்ஸ் வெர்ஃபெல் எழுதிய ‘மூசா தாக்கின் நாற்பது நாட்கள்’ கைக்குக் கை மாறியது. சிலுவைப் போர்க் காலத்தில் யூதர்களுக்கு நேர்ந்ததைப் பற்றிய வரலாற்று நூல்களும் படிக்கப்பட்டன. முற்றுகையில் இருப்பவன் முற்றுகையைப் பற்றிப் படிப்பதற்குத் தப்பித்தல் என்று பெயர் வைக்க முடியாது. ஏறத்தாழ அதே காலத்தில் வடகிழக்கே லெனின்கிராட் நகரத்திலும் இதே காட்சி. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை நீடித்த முற்றுகையில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். அதற்குள் வாழ்ந்து மீண்ட இலக்கிய ஆய்வாளர் லிடியா கின்ஸ்பர்க், பல பத்தாண்டுகள் கழித்து வெளிவந்த தன் முற்றுகைக் குறிப்புகளை இந்தச் செய்தியோடுதான் தொடங்குகிறார்: படிக்கத் தெம்பு மிச்சமிருந்தவர்கள் ‘போரும் அமைதியும்’ நாவலை ஆவலாகப் படித்தார்கள். டால்ஸ்டாய் சொன்னது சரியா என்று பார்ப்பதற்காகப் படிக்கவில்லை. தாங்கள் சரியாக நடந்துகொள்கிறோமா என்று டால்ஸ்டாயை வைத்துச் சரிபார்த்தார்கள். தான் படும் பயம் மனிதர்கள் படக்கூடிய பயம்தானா, தான் காட்டும் பொறுமைக்குப் பொறுமை என்று பெயர் சொல்லலாமா என்பதை அறிய அவர்களுக்கு வெளியே ஓர் அளவு தேவைப்பட்டது.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை. பெரிய எழுத்துப் புத்தகங்களில் மிக அதிகமாக விற்றவற்றுள் நல்லதங்காள் கதையும் ஒன்று. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போய், அண்ணி மூளியலங்காரியின் கொடுமை தாங்காமல், பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்து செத்த ஒருத்தியின் கதை அது. அதைத் திண்ணையில் ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, சுற்றியிருந்து கேட்டவர்கள் பசியறியாதவர்களா? 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைக் கண்டவர்களும், அதைப் பாட்டி சொல்லக் கேட்டவர்களும்தான். பசித்தவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமானால் விருந்தைப் பற்றிய கதை சொல்ல வேண்டும் என்று யோசித்தால் நல்லதங்காள் கதையின் செல்வாக்கை விளக்கவே முடியாது. இன்று புத்தகக் கண்காட்சிகளில் மன அழுத்தத்துக்கு ஒன்று, இழப்புக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என்று மருந்துச்சீட்டுப்போல அடுக்கி வைத்திருக்கும் நூல்களின் அடிப்படைப் பிழையும் இதுவே என்று நினைக்கிறேன். ஆறுதல் சொல்வதற்கென்றே எழுதப்பட்ட புத்தகம் வாசகரின் துயரத்தை ஒரு கோளாறாகப் பார்க்கிறது, சரிசெய்யப் புறப்படுகிறது. நல்லதங்காள் யாரையும் சரிசெய்யப் புறப்படவில்லை.

துன்பம் மனிதனுக்குச் செய்யும் முதல் காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அது அவனைத் தனியாக்குகிறது. சுற்றி நூறுபேர் இருந்தாலும் தனக்கு நேர்ந்தது தனக்கு மட்டுமே நேர்ந்ததாகத் தோன்றுகிறது. உலகம் தன் உடம்பின் எல்லைக்குள் சுருங்கிவிடுகிறது. காலமும் சுருங்குகிறது. இழப்புக்கு முந்திய நாட்கள் இன்னொருவர் வாழ்ந்ததுபோல் தூரப் போய்விடுகின்றன. பிந்திய நாட்களோ கற்பனைக்கே எட்டுவதில்லை. மிஞ்சுவது இந்த மணிநேரமும் இந்த வலியும்தான். நீண்டகாலம் விரும்பிப் படித்தவரிடம் இந்தச் சுருக்கத்துக்கு எதிராக ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது: இன்னொரு மனிதனின் பார்வையை, இன்னொரு காலத்தின் போக்கைத் தனக்குள் இடம் கொடுத்து ஏற்கும் பழக்கம். சுகமான நாட்களில் அதை அவர் வெறும் இன்பமாகவே அறிந்திருப்பார். துன்பம் வரும்போது அந்தப் பழக்கம் வலியைக் குறைப்பதில்லை. வலியே முழு உலகம் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. வாசிப்பு தரும் ஆறுதல் என்று நான் சொல்வது இதை மட்டும்தான். இது பெரிய காரியமில்லை என்று தோன்றலாம். அந்த நிலைமையில் இருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிதாக வேறெதுவும் கிடைக்கவில்லை.

இதில் ‘நீண்டகாலம்’ என்பது முக்கியம். துன்பம் வந்த பிறகு வாங்கும் புத்தகத்தால் இதைச் செய்ய முடிவது அபூர்வம். போலந்துக்காரரான ஓவியர் யூசெஃப் சாப்ஸ்கி 1939இல் சோவியத் படையிடம் சிறைப்பட்ட அதிகாரிகளில் ஒருவர். அவரோடு ஸ்டாரோபெல்ஸ்க் முகாமில் இருந்த ஏறத்தாழ நாலாயிரம் பேரில் மிகச் சிலரைத் தவிர அனைவரும் 1940 வசந்தத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பிய சிலரும் மற்ற முகாம்களில் மிஞ்சியவர்களுமாகச் சேர்ந்து கிரியாசோவெட்ஸ் என்ற இடத்தில், ஒரு பழைய மடாலயத்தில் வைக்கப்பட்டார்கள். 1940–41 குளிர்காலத்தில், பகல் முழுக்க உறைபனியில் வேலை செய்துவிட்டு வந்து, சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள். ஒருவர் மலையேற்றம் பற்றி, ஒருவர் கட்டடக் கலை பற்றி, ஒருவர் புத்தகத்தின் வரலாறு பற்றிப் பேசினார். சாப்ஸ்கி எடுத்துக்கொண்டது பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்த்தின் நாவல். கையில் ஒரு பிரதிகூட இல்லை. 1920களில், டைபாய்டு காய்ச்சலில் படுத்துக் கிடந்த மாதங்களில் முழுதாகப் படித்ததை நினைவிலிருந்தே எடுத்துச் சொன்னார். பாரிஸ் சீமாட்டிகளின் விருந்துகளைப் பற்றி, தக்கை பதித்த அறையில் படுத்துக்கொண்டு ஒரு நோயாளி எழுதியதைப் பற்றி, கைதிகள் நாற்பது பேர் உட்கார்ந்து கேட்டார்கள். புத்தகம் எரிக்கப்படலாம், பறிக்கப்படலாம், எட்டாமல் போகலாம். படித்தபோது அன்போடு படித்திருந்தால், அதில் எவ்வளவு மிஞ்சும் என்று படித்தவருக்கே தெரிவதில்லை. நினைவில் தேடத் தேட, மறந்துவிட்டதாக எண்ணியிருந்த பக்கங்களெல்லாம் திரும்பி வந்தன என்பதைச் சாப்ஸ்கியே வியப்போடு பதிவு செய்திருக்கிறார்.

இனி, இந்த வாதத்துக்கு எதிரான மிகக் கனமான சாட்சியைச் சந்திக்க வேண்டும். ஜான் அமேரி வியன்னாவில் பிறந்தவர்; தத்துவத்திலும் ஜெர்மன் இலக்கியத்திலும் ஊறியவர். பெல்ஜியத்தில் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தபோது பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1966இல் வெளியான தன் நூலில் அவர் தீர்ப்பாகவே எழுதுகிறார்: அறிவாளியின் படிப்பு ஆஷ்விட்ஸில் எதற்கும் உதவவில்லை. ஒரு மாலை வேலை முடிந்து திரும்பும் வழியில் ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லினின் கவிதை ஒன்று நினைவுக்கு வந்தது. அதை முணுமுணுத்துப் பார்த்தார். சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். முன்பெல்லாம் அந்த வரிகள் எழுப்பிய எதுவும் எழவில்லை. கவிதை அங்கே வெறும் தகவலாகக் கிடந்தது. பாரிஸிலிருந்து வந்த பெயர்பெற்ற தத்துவவாதி ஒருவரை முகாமில் தேடிக் கண்டுபிடித்துப் பேச முயன்றார். அவரிடமிருந்து ஒற்றைச் சொல் பதில்களே வந்தன. கடவுள் நம்பிக்கையும் கட்சி நம்பிக்கையும் உள்ளவர்கள் தாக்குப்பிடித்த அளவுக்குப் படித்தவன் தாக்குப்பிடிக்கவில்லை என்பது அவர் முடிவு. அனுபவித்தவர் சொல்வதை அனுபவிக்காதவர் மறுத்துப் பேசுவதில் ஒரு கூச்சம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நல்லவேளையாக, மறுமொழி சொல்ல அதே முகாமிலிருந்து இன்னொருவர் வந்தார்.

இத்தாலிய வேதியியலாளர் ப்ரீமோ லெவிக்கு ஆஷ்விட்ஸில் வயது இருபத்துநான்கு. 1947இல் வந்த அவருடைய முதல் நூலின் ஓர் அத்தியாயத்தில், சூப் அண்டாவைத் தூக்கிவரப் போகும் வழியில், ஜான் என்ற இளைஞனுக்குத் தாந்தேயின் யுலிஸிஸ் பகுதியைச் சொல்லிக்கொடுக்க முயல்கிறார். ஜானுக்கு இத்தாலியமொழி தெரியாது, கற்றுக்கொள்ள ஆசை. இவருக்கோ வரிகள் பாதி மறந்துவிட்டன. விட்டுப்போன வரிகளை இணைத்துத் தருபவருக்கு அன்றைய சூப்பையே கொடுத்துவிடலாம் என்று தவிக்கிறார். நாற்பதாண்டுகள் கழித்து, 1986 நூலில், அமேரிக்குப் பதில் சொல்லும் இடத்தில் லெவி அந்த வரிக்குத் திரும்புகிறார்: அது மிகைப்படுத்திச் சொன்னதில்லை, உண்மையாகவே கொடுத்திருப்பேன் என்கிறார். எப்போதும் உதவியது என்று அவர் சொல்லவில்லை. தன் பழைய வாழ்க்கையோடு அறுந்த தொடர்பைச் சற்று நேரமேனும் ஒட்டவைத்தது, தான் யார் என்பதை நினைவில் வைத்திருக்க உதவியது என்று மட்டும் சொல்கிறார். இருவரில் யார் சரி என்று கேட்பதைவிட, இருவர் அனுபவமும் எங்கே பிரிகிறது என்று பார்ப்பது பயன் தரும். அமேரிக்கு உயிரான மொழி ஜெர்மன். அவரை அடித்தவர்களின் மொழியும் அதுவே. கோதேயும் ஹோல்டர்லினும் தங்களுக்கே சொந்தம் என்று காவலர்களின் அரசு பறைசாற்றிய இடத்தில், அந்தக் கவிதையைத் தனது என்று சொல்லும் உரிமையே அவரிடமிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. இன்னொரு வேறுபாடு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. லெவிக்குப் பக்கத்தில் ஜான் நடந்துகொண்டிருந்தான். அமேரி நீட்டிய கையைப் பிடிக்க அந்தத் தத்துவவாதிக்குத் தெம்பில்லை. கிரியாசோவெட்ஸில் நாற்பது பேர், வில்னாவில் ஒரு வரிசை, லெவிக்கு ஒரு ஜான். தனிமையை உடைப்பதே வாசிப்பின் வேலை என்றால், எதிரில் கேட்க ஒருவர்கூட இல்லாத இடத்தில் அது தோற்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அமேரியின் சாட்சியம் என் வாதத்தைப் பொய்யாக்குவதாக நான் கருதவில்லை. அதன் எல்லை எதுவென்று காட்டுகிறது. அமேரி 1978இல் தற்கொலை செய்துகொண்டார். லெவி 1987இல் தான் வசித்த கட்டடத்தின் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தார். அதையும் தற்கொலை என்றே பலர் கருதுகிறார்கள். வாசிப்பு ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 1908இல் தண்டிக்கப்பட்டுக் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார் என்பதை எல்லாரும் அறிவோம். அந்தச் சிறைவாசத்தின் இன்னொரு பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் எழுத்தை அங்கே தமிழாக்கினார். செய்யுள்கள் எழுதினார், அவற்றில் பல உறவினருக்கும் நண்பருக்கும் எழுதிய கடிதங்கள். 1912 இறுதியில் விடுதலையானபோது கப்பல் கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழில் செய்ய உரிமையும் இல்லை. வரவேற்கப் பெரிய கூட்டமும் இல்லை. சென்னையில் வறுமையோடு கழிந்த அந்த ஆண்டுகளில், மன்னிக்க முடியாத அளவுக்கு அவரை மறந்துபோன ஒரு சமூகத்துக்காக, அவர் பழைய உரைகளைத் தேடிப் பதிப்பித்துக்கொண்டிருந்தார். திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரை 1917இல் அவர் பதிப்பில் வந்தது. பின்னாளில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரை. தோற்றுப்போனவர் ஏட்டுக்குள் ஒளிந்துகொண்டார் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒளிந்துகொள்பவர் பதிப்பிக்க மாட்டார். அச்சகத்துக்குக் கடன் வைத்துப் பிழை திருத்திக்கொண்டிருப்பவர், தான் படித்ததை முகம் தெரியாத ஒருவர் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். சிறையிலிருந்து நண்பருக்கு வெண்பா எழுதியபோது இருந்த அதே ஆசை.

இன்னொரு வகை ஆட்சேபம் உண்டு. போர்களிலோ சிறைகளிலோ இல்லாமல் நம் வீடுகளிலேயே எழுவது. வாழ்நாளெல்லாம் படித்தவரே மனச்சோர்வில் விழுந்து, புத்தகத்தைத் தொடக்கூட முடியாமல் கிடப்பதைப் பார்க்கிறோம். அப்போது அந்த நீண்டகாலப் பழக்கம் எங்கே போயிற்று? இதற்கு மிகத் தெளிவான சாட்சி ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் லத்தீனும் தொடங்கியவர். இருபது வயதுக்குள் அவர் படித்ததை நம்மில் பலர் ஓர் ஆயுளில் படிப்பதில்லை. 1826 இலையுதிர்காலத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: நான் பாடுபடும் சீர்திருத்தமெல்லாம் இப்போதே நிறைவேறிவிட்டால் எனக்கு மகிழ்ச்சி வருமா? வராது என்று உள்ளிருந்து பதில் வந்தது. அத்தோடு எல்லாம் இடிந்து விழுந்தது. தனக்குப் பிரியமான புத்தகங்களிடம் போனார். அவை கைகொடுக்கவில்லை என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். மாதங்கள் கழித்து, தற்செயலாக மார்மோன்டெல் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவுக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். தகப்பன் செத்துப்போன வீட்டில், சிறுவனாக இருந்த மார்மோன்டெல், இழந்தவருக்குப் பதிலாகத் தான் இருந்து எல்லாரையும் பார்த்துக்கொள்வதென்று திடீரென்று உறுதிகொள்ளும் இடம் வந்தது. மில் அழுதார். அந்த நிமிஷத்திலிருந்து சுமை குறையத் தொடங்கியது. 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் மீதியைச் செய்தன. இந்த வரலாற்றை இரண்டு பக்கமும் படிக்கலாம்: புத்தகங்கள் கைவிட்டன, ஒரு புத்தகம் கைதூக்கியது. கைவிட்டவை எவை? மில்லின் தகப்பனார் வகுத்த கல்வித் திட்டப்படி, பகுத்து ஆராய்ந்து, ஆயுதமாகப் பயன்படுத்தப் பழகிய வாசிப்பு. கைதூக்கியது எது? பயன் எதையும் எதிர்பாராமல் ஒரு சிறுவனின் வீட்டுக்குள் நுழைந்து, அவன் துக்கத்தைத் தன் துக்கமாக உணர்ந்த ஒரு நிமிஷம். எவ்வளவு படித்தார் என்ற கணக்கு இங்கே உதவுவதில்லை. தேர்வுக்காக, வேலைக்காக, விவாதத்தில் வெல்வதற்காக மட்டும் படித்த படிப்பு இழவு வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. நம் பிள்ளைகளை நாம் படிக்கவைக்கும் முறையை நினைத்தால் இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பாடப்புத்தகத்துக்கு வெளியே எதையும் பிரியத்தோடு படித்திராத ஒரு தலைமுறைக்கு, நாற்பது வயதில் இடி விழும்போது உள்ளே எடுத்துப் பார்க்க என்ன இருக்கும்?

படிப்பு மனிதனை நல்லவனாக்குவதில்லையே என்று ஒருவர் கேட்பார். கேட்பது நியாயம். வில்னாவின் யூத நூலகங்களைக் கொள்ளையிட வந்த நாஜிக் குழுவின் யொஹன்னஸ் போல், எருசலேமில் படித்து எபிரேய மொழியில் தேர்ந்தவர். அவர் மேற்பார்வையில் ஒரு பகுதி ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டது. பெரும்பகுதி காகித ஆலைக்குப் போனது. க்ரூக்கையும் அவர் தோழர்களையுமே அந்தப் புத்தகங்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் அமர்த்தினார்கள். அவர்களோ சட்டைக்குள் மறைத்து எடுத்துவர முடிந்ததையெல்லாம் எடுத்துவந்தார்கள். ஒரே புத்தகங்களை இரண்டு தரப்பும் படிக்கத் தெரிந்திருந்தது. ஆகவே வாசிப்பை ஒழுக்கத்தின் சான்றாகக் காட்டும் பேச்சுக்கு நான் துணைபோக மாட்டேன். வாசிப்பு ஆறுதல் தருகிறது என்ற சிறிய கூற்றைக் காப்பாற்றிக்கொள்ள, அந்தப் பெரிய கூற்றைக் கைவிடுவதே நல்லது.

படிக்கத் தெரியாதவர்களின் கதி என்ன என்பது கடைசிக் கேள்வி. துன்பம் எழுத்தறிவு பார்த்து வருவதில்லை. பெரும்பாலும் எழுத்தறிவு இல்லாத வீட்டையே முதலில் தேடி வருகிறது. ஆனால் இவ்வளவு நேரம் வாசிப்பு என்று சொல்லிவந்தது ஏட்டையும் கண்ணையும் மட்டும் சார்ந்ததில்லை. மழை பொய்த்தால் விராட பருவம் படிக்கும் ஊர்களில், படிப்பவர் ஒருவர், கேட்பவர் ஊரார். தொண்டைமண்டலத்தில் சாவு வீட்டுக் காரியத்தின்போது இரவு முழுக்கக் கர்ணமோட்சம் கூத்து நடத்தும் வழக்கம் இருக்கிறது. பிணம் எடுத்த துக்கம் ஆறாத குடும்பம் கர்ணன் அடிபட்டுச் சாவதை விடியவிடியப் பார்க்கிறது. கதை என்ன ஆகும் என்பது அங்கே இருக்கும் குழந்தைக்கும் தெரியும். எத்தனையோ தடவை பார்த்த கூத்து. துக்கத்தில் புதிய புத்தகத்தைப் படிக்க முடியவில்லை, நாலு வரி தாண்டுவதற்குள் மனம் சிதறுகிறது என்று வருந்தும் வாசகர்களுக்கு இந்த வழக்கம் ஒரு வழியைக் காட்டுகிறது. சிதறிய மனத்தைக் கட்டிப்பிடித்துப் புதிய கதையின் பின்னால் இழுத்துப் போக வேண்டியதில்லை. ஏற்கெனவே பிரியத்தோடு படித்து, முடிவு தெரிந்து, பெயர்களெல்லாம் பழகிப்போன ஒன்றை எடுக்கலாம். எந்தப் பக்கத்திலும் திறக்கலாம், எந்தப் பக்கத்திலும் மூடலாம். அதற்கும் முடியாதபோது பக்கத்திலிருப்பவர் வாசிக்கலாம். கூத்தில் கர்ணனின் தலையை மடியில் ஏந்திக் குந்தி அழும்போது, அந்த வீட்டுப் பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். அதுவரை அழ முடியாமல் இருந்தவர்களும் அழுகிறார்கள்.